வாயிலின் அகலமும் வீடற்றோர் தொகையும்: பெருந்தொற்றுக் காலப் பர்லிங்டன்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2020 ஜனவரியில் ஓரிரவில் எடுத்த கணக்கெடுப்பில் வீடற்றோர் 1,110 பேர். அடுத்த ஜனவரியில் 2,591, 2023இல் 3,295. பெருந்தொற்று மூன்றாண்டில் வீடற்றோரை மும்மடங்காக்கிவிட்டது என்று இத்தொகைகளைப் படிப்பது எளிது. முதலாண்டு ஏற்றத்துக்கு அந்த வாசிப்பு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவ்வேற்றம் பெரும்பாலும் அரசுதவியின் வாயில் அகன்றதைக் காட்டுகிறது.

மாநிலத்தின் பெரிய நகரான பர்லிங்டனில் 2020இல் 44,743 பேரே வாழ்ந்தனர். இத்தகைய சிறுநகரங்களில் வீடின்மை கண்ணில் படுவது குறைவு. உறவினர் வீட்டிலும் நண்பர் வீட்டிலும் ஒண்டியிருப்போரை மத்திய வீட்டுவசதித் துறையின் ஓரிரவுக் கணக்கு சேர்ப்பதில்லை. சொந்தக் காசில் மோட்டலில் தங்குவோரும் அதில் வாரார். அதே அறைக்கு அரசோ அறநிறுவனமோ வாடகை செலுத்தினால், அதே மனிதர் அன்றிரவே வீடற்றோர் பட்டியலில் இடம்பெறுவார்.

2020 மார்ச்சில் நிகழ்ந்தது இதுதான். அதுவரை மாநிலத்தின் மோட்டல் உதவி குழந்தைகளுள்ள குடும்பங்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், குடும்ப வன்முறைக்கு ஆளானோர் போன்ற சிலருக்கே உரியது. கடுங்குளிர் இரவுகளில் மட்டும் பிறருக்கும் கிடைத்தது. பலர் ஒரே கூடத்தில் உறங்கும் காப்பகங்கள் தொற்றுக்கு ஏற்ற களமென்பதால் அவற்றில் நெரிசலைக் குறைக்க வேண்டியிருந்தது. தகுதி விதிகள் தளர்ந்தன. சுற்றுலாப் பயணிகள் வராததால் அறைகளும் காலியாக இருந்தன. ஒண்டியிருந்தோர் பலர் முதன்முறையாகக் கணக்குக்குள் வந்தனர்.

2021க்குப் பிந்தைய ஏற்றத்தை இக்காரணம் முழுமையாக விளக்காது. பல்கலைக்கழக மாணவர்களின் தேவையால் பர்லிங்டனில் வாடகை வீடுகளுக்கு முன்பே தட்டுப்பாடு. வெளிமாநிலத்தவரின் வருகை அதைக் கூட்டியது. நகரம் 2021 அக்டோபரில் சியர்ஸ் லேனில் வீடற்றோர் அமைத்திருந்த முகாமை அகற்றியது. 2023 பிப்ரவரியில் எல்ம்வுட் அவென்யூவில் 30 சிறு தங்குமிடங்களைத் திறந்தது. தேவையோ அதைவிடப் பன்மடங்கு.

உதவியே வீடற்றோரை ஈர்த்துப் பெருக்கியது என்போர் உண்டு. அது சரியானால், உதவி சுருங்கும்போது தொகையும் சுருங்க வேண்டும். 2023 ஜூனில் தகுதி விதிகள் இறுகி, நூற்றுக்கணக்கானோர் மோட்டல்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். ஆயினும் 2024 ஜனவரிக் கணக்கு 3,458. குளிர்கால விதித்தளர்வு இத்தொகையை ஓரளவு தாங்கியிருக்கலாம் என்பதால் இதை முடிவான சான்றாகக் கொள்ள முடியாது. எனினும், உதவியைக் குறைத்தால் வீடின்மை குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு இக்கணக்கு இடம் தரவில்லை.

சிறுநகரின் உண்மையான பலவீனம் வேறு. மோட்டல் அறை சுற்றுலாச் சந்தையிடம் கடன் வாங்கிய இடம். பயணிகள் திரும்பியதும் அதற்கான போட்டியும் திரும்பியது. நெருக்கடிநிலை நிதி வீடுகளைக் கட்டுவதைவிட இரவுகளை வாங்குவதற்கே மிகுதியும் செலவானது. 2024 செப்டம்பரில் மோட்டல் தங்கலுக்கான 80 நாள் உச்சவரம்பு பலருக்கு முடிவடைந்தபோது, வெளியேறியவர்களுக்குப் போதிய மாற்று வீடுகள் நகரில் இல்லை.

ஆகவே 1,110 என்ற பழைய தொகையை மீட்க வேண்டிய இயல்புநிலையாகக் கொள்வது கொள்கைப் பிழை. வாயிலைக் குளிர்காலத்திலும் குறுக்கினால் பட்டியல் சுருங்கக்கூடும். ஆனால் வீடற்றோர் பலர் மீண்டும் கணக்குக்கு வெளியே போவர். உதவித் திட்டத்தின் வெற்றியைப் பட்டியல் சுருங்குவதைக் கொண்டு அளக்காமல், நிலையான வாடகை ஒப்பந்தத்துடன் அதிலிருந்து வெளியேறியோரைக் கொண்டே அளக்க வேண்டும்.