தீவகத்து வீட்டுக் கோழி



யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குக் கடலிலே கிடக்கும் தீவுகள் சில, விலங்குகளாற் பெயரும் புகழும் பெற்றவை. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் ‘யானைத்துறை’ எனப் பொருள்படும் தம்மொழித் தொடரால் அழைத்தனர். அத்தொடரிலே துறையைக் குறித்த சொல்லே திரிந்து ‘கயிற்ஸ்’ என இன்றும் வழங்குகின்றது. நெடுந்தீவை அவர்கள் பசுக்களின் தீவு என்றனர். அதே நெடுந்தீவு பின்னாளிற் குதிரைகளாற் பேர்பெற்றது; ஒல்லாந்தர் கட்டிய குதிரை லாயத்தின் இடிபாடுகளையும், கட்டாக்காலியாய்த் திரியும் மட்டக்குதிரைகளையும் அங்கே இன்றும் காணலாம். நயினாதீவோ பழைய நாகதீபம். நாகத்தின் பெயரோடு பிணைந்த தலம்.

யானை, பசு, குதிரை, நாகம் ஆகிய நான்கும் இவ்வாறு வரலாற்றிலே இடம் பெற்றுவிட்டன. ஆயின் இத்தீவுகளின் வீட்டுப் பின்புறங்களிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, வறட்சிக் காலத்திலும் குடும்பங்களைத் தாங்கிய உயிர் ஒன்று எந்தத் தீவுக்கும் பெயர் கொடுக்கவில்லை. அந்த உயிர் கோழி. அதன் கதையையே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே ஒரு தமிழ்ச் சாசனம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது அது. பேராசிரியர் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்ட அச்சாசனம், ஊராத்துறையாகிய ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தாற் சரிபாதி என்று பங்கும் வகுக்கின்றது. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் வன்னியிலிருந்து வந்த யானைகளைத் தீவகக் கடல்வழியே இந்தியக் கரைகளுக்கு அனுப்பிப் பொருள் ஈட்டினர். பெருவணிகம் பேரேட்டில் எழுதப்படும். குசினி வாசலிற் பருக்கை பொறுக்கும் பறவைக்குக் கணக்கெழுத எந்தத் துறைமுக அதிகாரி இருந்தான்?

இருந்தும் தமிழிலக்கியம் கோழியை மறந்ததில்லை. தொல்காப்பிய மரபியல், பெண்கோழிக்கு ‘அளகு’ என்று தனிப்பெயரே சொல்கின்றது. யாழ்ப்பாணத்தார் சொல்லும் ‘பேட்டுக்கோழி’ என்ற பெயரிலே ‘பேடு’ என்னும் பழஞ்சொல் இன்னும் உயிரோடு இருக்கின்றது. பட்டினப்பாலையிலே ஒரு காட்சி வருகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உணங்கும் உணவைக் கொத்த வந்த கோழியைத் துரத்த, அவ்வீட்டுப் பெண் தன் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றாள். அது போய்ச் சிறுவரின் விளையாட்டுத் தேருக்குத் தடையாய்க் கிடக்கின்றது. நகரின் செல்வத்தைக் காட்டப் புலவர் சொன்னது இது. நமக்கு வேறொன்றும் தெரிகின்றது: முற்றத்தில் உணவை உலர்த்தும் பெண்ணும் அதைக் கொத்த வரும் கோழியும் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாக ஒரே வழக்கை நடத்திக்கொண்டிருக்கின்றனர்!

குறுந்தொகையின் 305ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. குப்பையிலே தாமாகவே பொருதும் கோழிகளை உவமையாக்கிய சிறப்பால் அவர் ‘குப்பைக் கோழியார்’ என்றே அழைக்கப்பட்டார். சோழர் தலைநகராகிய உறையூருக்கும் ‘கோழி’ என்று ஒரு பெயர் உண்டு. அங்கே ஒரு கோழி யானையோடு பொருது வென்றது என்பது பழங்கதை. யானையை வென்ற கோழிக்குச் சோழநாட்டில் ஓர் ஊர் கிடைத்தது. யானைகள் ஏறிய துறையருகே வாழ்ந்த கோழிக்கு ஒரு திட்டியும் கிடைக்கவில்லை.

இனி, இக்கோழி எங்கிருந்து வந்தது? இலங்கையின் தேசியப் பறவை இலங்கைக் காட்டுக்கோழி. நம் வீட்டுக்கோழி அதன் மகளன்று, செங்காட்டுக்கோழியின் வழிவந்தது. சீனத்தின் தென்மேற்கு, தாய்லாந்தின் வடக்கு, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழி வகையே வீட்டுக்கோழியின் முதன்மை முன்னோர் என்பதை 2020இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியின் கலப்பும் அதிற் சிறிது உண்டு. சில கோழிகளின் மஞ்சள் நிறத் தோல் அந்த உறவால் வந்தது என 2008இல் அறியப்பட்டது. ஆகவே தீவகத்துக் கோழியும், தீவக மக்களின் முன்னோரைப் போலவே, கடல் கடந்து வந்து குடியேறியதுதான்.

வந்த இடமோ கடினமான இடம். முருகைக்கல்லின் மேல் மெல்லிய மண். நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில, உவர்க் கிணறுகள் பல. கோடை நீண்டால் மாட்டுக்குப் புல் இல்லை, வயலுக்கு மழை இல்லை. அத்தகைய நிலத்திலே பெரிய விலங்கைக் காப்பது அரிது. கோழிக்கோ ஒரு சிரட்டை தண்ணீர் போதும். அதன் தீனிக்கென்று தனியாக விதைக்க வேண்டியதும் இல்லை.

தீவக வீடுகளிலே உணவுக் கழிவு என்று ஒன்று உண்மையில் இருந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் உரியவர் இருந்தனர். அரிசி கழுவிய நீரும் கஞ்சித் தெளிவும் மாட்டுக்கு. வாழைப்பழத் தோலும் மரக்கறித் தோலும் ஆட்டுக்கு. மீன்முள் பூனைக்கும் நாய்க்கும். குறுணல், தவிடு, சட்டியில் ஒட்டிய சோறு, பிட்டுத் துணிக்கை, பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கை ஆகியவை கோழிக்கு. மீன் வெட்டும் இடத்திலே கோழிகள் அழைப்பின்றியே கூடிவிடும். குடலும் செதிலும் இறால் தலையும் அவற்றின் பங்கு. பண்ணைக்காரர் இன்று புரதம் என்று விலைகொடுத்து வாங்குவதைக் கடல் இவர்களுக்குத் தினமும் கொடுத்தது. ஆயினும் அளவு அறிந்தே கொடுத்தனர். மீன்கழிவு மிகுந்தால் முட்டையிலே வெடில் மணம் ஏறும். உப்புக் கருவாட்டுத் தலையை ஊறவைத்துக் கழுவாமல் எறியமாட்டார்கள். உப்பு மிகுந்தாற் கோழி தாகத்தாற் சோர்ந்து சாகும்.

ஒரு முட்டையின் ஓட்டிலே ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. இதற்குத் தீவகக் கோழி எந்தக் கடைக்கும் போகவேண்டியதில்லை. கரையிலே சிப்பியும் சோகியும் நொறுங்கிக் கிடக்கின்றன; நிலமே சுண்ணாம்புக் கல். கிடுகு வேலி பழசானாற் கறையான் ஏறும். கோழி அந்த வேலியடியைக் கிளறிக் கறையானைத் தின்னும். வேலியும் சிறிது காலம் நிற்கும். அதே கால் அயல் வளவின் கத்தரிக் கன்றையும் கிளறிவிடுவதால், எத்தனையோ அயலவர் சண்டை கோழியாலே தொடங்கியதும் உண்மை.

அடைவைப்பது ஒரு கலை. பேட்டுக்கோழி முட்டையிட்டு முடிந்து, உடல் சூடேறிக் கூட்டை விட்டு எழாமற் படுக்கும்போது, பழங்கடகத்திலே வைக்கோல் பரப்பிப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைப்பார்கள். இடி முழக்கத்தால் முட்டை கெடாதிருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் உடன் வைப்பது நம்பிக்கை. ஒரு கிழமை கழித்து விளக்கொளியிற் பிடித்துக் கூழ்முட்டையைப் பிரித்தெடுப்பது அனுபவம். 21ஆம் நாள் ஓடு வெடிக்கும். அதன்பின் பருந்தும் காகமும் கீரியும் குஞ்சுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கும். பத்திலே நாலைந்து தேறினால் நல்ல கை என்பார்கள். பொழுதுபடும் வேளையிற் கூட்டு வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணி அடைப்பது வீட்டுப் பெண்ணின் அன்றைய கடைசி வேலை.

இந்தப் பெண்ணைப் பற்றியே நாம் முதன்மையாக நினைக்கவேண்டும். தீவக ஆண்கள் பலர் தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை வைத்து வாழ்ந்தவர்கள். சிலர் மலாயாவுக்கும் போனார்கள். வீட்டையும் வளவையும் பிள்ளைகளையும் பார்த்தவர்கள் பெண்கள். காசுக்கட்டளை வரும் நாள் வரையில், அவர்களின் கையிலே சொந்தமாய்ப் புரண்ட காசு பெரும்பாலும் முட்டை விற்ற காசும் கோழி விற்ற காசுமே. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் அதுவே உதவிற்று. பெரியபிள்ளையான மகளுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுப்பதும், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்துக் கோழிச்சாறு வைப்பதும் இந்த வளவை நம்பியே நடந்தன. விரத நாளிலே முட்டையும் தீண்டாத சைவ வீட்டுப் பெண்ணும், தான் உண்ணாததை விற்று வீட்டுத் தேவையை முடித்தாள். ‘பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?’ என்று பெண்ணை அடக்கப் பழமொழி சொன்னவர்கள் உண்டு. கூவாத அந்தப் பெட்டைக்கோழி இட்ட முட்டையால் எத்தனை வீடுகளுக்கு விடிந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

குப்பைமேடும் ஒரு வரலாற்று ஏடுதான். ‘குசினி’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. ‘பாண்’ என்பதும் அவ்வாறே. குரக்கன் தவிட்டையும் ஒடியற் சக்கையையும் கொத்திய கோழி, காலம் மாறப் பாண் துண்டையும் கொத்திற்று. 1942இலே பர்மா யப்பானியர் கைப்பட்டு, அங்கிருந்து இலங்கைக்கு அரிசி வருவது நின்றது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. மனிதரே பருக்கையை எண்ணி உண்ணும் வீட்டிலே கோழிக்கு என்ன மிஞ்சும்? அதே காலத்திற் பிரித்தானியாவிலே, கோழி வளர்த்த குடும்பங்கள் தமக்குரிய முட்டைப் பங்கீட்டைக் கைவிட்டு, அதற்கு ஈடாகத் தீவன மாவைப் பெற்றன. அம்மாவைச் சமையற் கழிவோடு சேர்த்தே கோழிக்கு வைத்தார்கள். உலகப் பேரரசின் தலைநகரும் நெருக்கடி வந்தபோது கண்டுகொண்ட வழி, தீவகத்துப் பெண் என்றும் அறிந்த வழியே.

நோய் வந்தால் மட்டும் அவளுக்கு வழி தெரியவில்லை. வெள்ளைக் கழிச்சல் கண்ட கிழமையிலே கூடு வெறுமையாகும். இந்நோய் 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், 1927இல் இந்தியாவின் ராணிகேத்திலும் இனங்காணப்பட்டு, அவ்வூர்களின் பெயரையே பெற்றது. பின்னாளில் தடுப்பு மருந்து வந்தது. குளிர்ப்பெட்டியின்றியும் சில நாள் கெடாது நிற்கும் வகையும் பின்னர் உருவாயிற்று. கடல் கடந்து மருந்து போகவேண்டிய சிறு தீவுகளுக்கு ஏற்றது அத்தகையதே.

வெள்ளை லெக்கோர்ன் போன்ற அயலினங்கள் வந்து கணக்கை மாற்றின. இன்றைய பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை வரையில் இடும். ஊர்க்கோழி அதில் ஐந்திலொரு பங்கு இட்டாலே பெரிது. 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரக் காலத்திலே வணிகப் பண்ணைகள் தென்னிலங்கையிற் பெருகின. ஆயின் பண்ணைக்கோழி சோளமும் சோயாவும் தின்னும், அடைகிடக்க மறந்தது, குஞ்சுக்கும் தீனிக்கும் பிறர் கையை நம்பியது.

தீவகத்துக்கு வேறொரு துயரம் காத்திருந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போரின் காரணமாகப் பெருந்தொகையான மக்கள் தீவுகளை விட்டு வெளியேறினர். பூட்டிய வீட்டின் பின்புறத்திலே கூட்டைத் திறந்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! அடுப்பு எரியாத வளவிலே கோழிக்குத் தீனி ஏது? மனிதர் இன்றிக் குதிரை வாழும்; நெடுந்தீவே சாட்சி. வீட்டுக்கோழி வாழாது. ஓர் ஊரிலே கோழி கூவுகின்றது என்றால் அங்கே யாரோ சமைக்கின்றார்கள் என்பது பொருள். மீளக் குடியேறியோருக்கு வடக்கிலே வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகளுள் கோழிக்குஞ்சும் இடம்பெற்றது தற்செயலன்று.

2022இலே நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது கோழித்தீவனத்துக்குத் தட்டுப்பாடு வந்தது, பண்ணைகள் சுருங்கின, முட்டை விலை ஏறிற்று. 2023இலே இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. ஊர்க்கோழி ஒரு நாட்டின் முட்டைத் தேவை முழுவதையும் தீர்க்கும் என்று நான் சொல்லவரவில்லை, அது நடவாது. ஆயின் இறக்குமதிச் சோளத்துக்காகக் காத்திராத கோழி எது என்பதை அவ்வாண்டு நமக்குக் காட்டிற்று. சட்டி கழுவும் பெண்ணின் கையிலிருந்து உண்ட கோழி அது.

தீவகத்தின் வரலாற்றை எழுதுவோர் துறைமுக ஏடுகளைப் படிக்கட்டும், கோட்டையை அளக்கட்டும். கூடவே, அறுபது எழுபது ஆண்டு கோழி வளர்த்த ஆச்சிமார் இன்னும் நம் வீடுகளில் இருக்கும்போதே, எந்தத் தீனியை எந்தக் காலத்திற் கொடுத்தார்கள், முட்டை விற்ற காசால் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதிவைக்கட்டும். யானையின் கணக்கைக் கல் காத்தது. கோழியின் கணக்கு அந்த ஆச்சிமாரின் நினைவிலே மட்டுமே இருக்கின்றது.