வடகரையிலிருந்து புறப்படும் சளி டப்பா

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் வடகரைப் பக்கமும் சாரல் காற்று அடிக்கும். அந்த மாதங்களில் யாராவது விடாமல் இருமினால், "சாரல் ஒத்துக்கிடல" என்று சொல்லி நாளைக் கடத்திவிடுவார்கள். பீடி சுற்றும் பெண்களோ புகையிலைத் தூசியைக் காரணம் சொல்வார்கள். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காதபோது, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்தனுப்புவார்கள். அகன்ற வாய், திருகு மூடி, உள்ளிருப்பது தெரியும் உடம்பு. காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பயணத்தின் முதல் ஆள் இந்த டப்பாதான்.

அதற்குள் வரவேண்டியது நுரையீரலிலிருந்து எழும் சளி. குறைந்தது 2 மில்லி வேண்டும், 5 மில்லி வரை இருந்தால் நல்லது. வருவதோ பல நேரம் வாயில் ஊறிய எச்சில், நுரை நுரையாக. எச்சிலுக்குப் பஞ்சமில்லை, ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும். ஆனால் காசநோய்க் கிருமி குடியிருப்பது வாயில் அல்ல, நெஞ்சுக்குள். நுண்ணோக்கியில் அது கண்ணில் படவேண்டும் என்றால் ஒரு மில்லியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தாக வேண்டும். எச்சில் நிரம்பிய டப்பாவில் பெரும்பாலும் 'கிருமி இல்லை' என்றே முடிவு வரும். நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போவார், வீட்டில் இருப்பவர்களுக்கும் நோய் பரவும். கொஞ்சமாகச் சளி வந்த டப்பாவைவிட, தளும்பத் தளும்ப எச்சில் வந்த டப்பாவுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

இதில் நோயாளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. டப்பாவை நீட்டி "சளி எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னால், அவருக்குத் தெரிந்ததைத்தான் செய்வார். பெண்களுக்கு இன்னும் கஷ்டம். நாலு பேர் காதில் விழும்படி காறித் துப்புவது அவமானம் என்றே வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஏறத்தாழ 3,000 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2007இல் லான்செட் இதழில் வெளிவந்தது. எப்படிச் சளி எடுப்பது என்று ஒரு சாராருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கம்போல டப்பாவை மட்டும் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுக்காத பெண்களில் 8 விழுக்காட்டினருக்குக் கிருமி தெரிந்தது, சொல்லிக்கொடுத்த பெண்களில் 13 விழுக்காட்டினருக்கு. புது மருந்தும் இல்லை, புது இயந்திரமும் இல்லை. இரண்டு நிமிஷப் பேச்சு, அவ்வளவுதான்.

அந்தப் பேச்சு நம் ஊரில் இப்படி இருக்கலாம்: "அக்கா, காலையில எந்திரிச்சதும் வெறும் தண்ணியில வாயைக் கொப்புளிங்க. கொல்லைப்பக்கம், காத்தோட்டமா, ஆள் இல்லாத இடத்துல நில்லுங்க. ரெண்டு மூணு தடவை மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டு, அடி நெஞ்சுல இருந்து இருமி எடுங்க. கெட்டியா வந்தாத்தான் சளி. தண்ணி மாதிரி வந்தா இன்னொரு தடவை இருமிப் பாருங்க." ராத்திரி முழுக்க நுரையீரலில் சேர்ந்தது விடியற்காலையில்தான் திரண்டு வரும். அதனால்தான் சுகாதார நிலையத்திலேயே ஒன்று, வீட்டிலிருந்து காலைச் சளி ஒன்று என்று இரண்டு டப்பா கேட்கிறார்கள். இவ்வளவு செய்தும் வராதவர்களுக்கு, மருத்துவமனையில் அடர்த்தி கூடிய உப்புநீரை ஆவியாகச் சுவாசிக்க வைத்துச் சளியைக் கிளப்புவார்கள். குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவதால், விடியற்காலையில் வெறும் வயிற்றிலிருந்து குழாய் வழியே எடுப்பதும் உண்டு.

நிரம்பிய டப்பாவை இறுக மூடி, பெயரையும் எண்ணையும் உடம்பின் மேல் ஒட்டவேண்டும். மூடியில் ஒட்டினால், ஆய்வகத்தில் திறந்து வைத்ததும் யாருடையது என்று தெரியாமல் போகும். உடனே பரிசோதிக்க முடியாதபோது குளிர்பெட்டியில் ஐஸ் பொதிகளுக்கு நடுவே வைக்கவேண்டும். வெயிலில் கிடந்த சளியில் மற்றக் கிருமிகள் பெருகி மாதிரி கெட்டுவிடும். பெரிய சோதனை தேவைப்பட்டால் டப்பா தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை போகும்.

இன்று அதற்காகக் காத்திருப்பது நுண்ணோக்கி மட்டும் அல்ல. கோவாவின் மோல்பயோ நிறுவனம் தரும் ட்ரூநாட் கருவி கிருமியின் மரபணுவைத் தேடும். பேட்டரியில் ஓடும், சிறிய மையத்திலும் வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதை ஏற்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவு, இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்தால் ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரியும். நுண்ணோக்கியைவிடப் பல மடங்கு கூர்மையான கருவிதான். ஆனாலும் எச்சிலில் இல்லாத கிருமியை அதனாலும் காட்ட முடியாது.

நோயாளி ஊரில் இருக்க, அவர் சளி மட்டும் பயணம் போகும் இந்த முறைக்குத் துணிச்சல் தந்ததே சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் படுத்தவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து எடுத்தவர்களையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலன் தருகிறது என்று 1959இல் வெளியான முடிவு உலகத்தின் வழக்கத்தையே மாற்றியது. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வளர்ச்சிதான்.

சிகிச்சை தொடங்கிய பிறகும் டப்பா விடாது. இரண்டு மாத முடிவில் ஒரு முறை, ஆறு மாத முடிவில் ஒரு முறை கேட்பார்கள். அப்போது சளி வருவதே இல்லை என்று பலர் தயங்கிச் சொல்வார்கள். மருந்து வேலை செய்தால் சளி வற்றத்தான் செய்யும், அதில் தயங்க ஒன்றுமில்லை. தயக்கத்தில் எச்சிலைத் துப்பிக் கொடுப்பதுதான் ஆபத்து, இருக்கிற நோயையும் அது மறைத்துவிடும். சொன்னபடி முயன்றும் வரவில்லை என்றால் 'சளி வரவில்லை' என்றே பதிவேட்டில் எழுதட்டும். எடை ஏறியிருக்கிறதா, இருமல் நின்றதா, எக்ஸ்ரே என்ன சொல்கிறது என்று பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார்.