மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளும் ஒரு கராஜ் மெக்கானிக்கும்

மோட்டார் சைக்கிளுக்கு டர்பைன் பூட்டி ஓடுகிற ஆக்கள் இருக்கிறார்கள். பகிடி இல்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'வை2கே' என்ற பெயரில் இப்படி ஒரு மோட்டார் சைக்கிளைச் செய்து விற்கத் தொடங்கியது. அதற்குள் இருந்தது ரோல்ஸ் றொய்ஸ் அலிசன் 250 என்ற ஹெலிகொப்டர் இயந்திரம். ஏறத்தாழ 320 குதிரைவலு. விலை ஒன்றரை லட்சம் டொலருக்கு மேல். அது காசுக்காரர்களின் விளையாட்டு, அதை விடுவோம். பழைய லொறியிலிருந்து கழற்றிய டர்போவை வைத்து வீட்டுக் கராஜிலேயே இந்த வேலையைச் செய்து பார்க்கிறவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவர்களுக்கு எத்தனையோ வருடம் முன்னால் அதே மாதிரி ஒரு கராஜில் நின்று கை அழுக்காக்கிய ஒரு மெக்கானிக்கைப் பற்றியும்.

முதலில் சாமானைப் பார்ப்போம். லொறிகளின் டீசல் இயந்திரத்தில் டர்போ என்று நத்தை ஓடு மாதிரி ஒரு பகுதி இருக்கும். ஒரு தண்டு, அதன் இரண்டு முனையிலும் இரண்டு சில்லு. வெளியேறும் புகைக்காற்று ஒரு சில்லைச் சுழற்றும். மற்றச் சில்லு வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளும். சுவிஸ் பொறியியலாளர் அல்பிரெட் பூக்கி 1905இல் காப்புரிமை எடுத்த யோசனை இது. இப்போது நடுவில் இருக்கிற டீசல் இயந்திரத்தையே எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு தடித்த இரும்புக் குழாயை வைத்து, அதற்குள் எரிபொருளை விசிறி எரியுங்கள். அமுக்கப்பட்ட காற்று குழாய்க்குள் வந்து சூடாகி விரிந்து டர்பைன் சில்லைச் சுழற்றும். அந்தச் சுழற்சி மற்றச் சில்லையும் சுழற்றி இன்னும் காற்றைக் கொண்டுவரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு வெளி உதவி இல்லாமல் தானாகவே ஓடும். தொடக்கிவிடப் பலர் பாவிப்பது தோட்டத்தில் சருகு ஊதித் தள்ளுகிற இயந்திரத்தைத்தான்!

எழுதும்போது சுகமாக இருக்கிறது. செய்யப் போனால்தான் தெரியும். குழாய்க்குள் துளைகள் போட்ட இன்னொரு குழாய் வேண்டும். அந்தத் துளைகளின் அளவும் இடமும் பிழைத்தால் நெருப்பு அணைந்துபோகும், அல்லது வெளியே நீண்டு டர்பைன் சில்லை எரித்துவிடும். தண்டு நிமிடத்துக்கு அறுபதாயிரம், எண்பதாயிரம் தடவை சுழலும், ஆகவே ஒயில் ஒரு கணமும் நிற்கக்கூடாது. இவ்வளவும் சரிவந்தாலும் கையில் கிடைப்பது சூடான காற்று மட்டும்தான். அதைக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்சில்லை உருட்ட வேண்டுமென்றால், அந்தக் காற்றின் பாதையில் தனியாக இரண்டாவது டர்பைன் ஒன்றை வைத்து, அதன் வேகத்தைப் பல்சக்கரங்களால் குறைத்து, பிறகுதான் சங்கிலிக்குக் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது சங்கிலி அறுந்தால் அந்த இரண்டாவது டர்பைனைப் பிடித்து வைக்கச் சுமை இல்லை. எரிபொருளை உடனே நிறுத்தாவிட்டால் வேகம் ஏறிச் சிதறிவிடும். இதெல்லாம் முடிந்து தெருவில் ஓட அனுமதி எடுக்க ரியூவ் காரரிடம் போனால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று ஜேர்மனியில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

'படிச்சு ஒரு வேலையைப் பார்க்காமல் இதென்ன விசர் வேலை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஜெட் இயந்திரத்தின் கதையே இப்படி ஒரு விசர் வேலையில்தான் தொடங்கியது.

இங்கிலாந்துக்காரர் பிராங்க் விட்டிலின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1907இல் கொவென்றியில் பிறந்தவர். தகப்பன் ஒரு மெக்கானிக், சிறிய பட்டறை வைத்திருந்தார். மகன் இயந்திர வேலை பழகியது அங்கே. உயரம் போதாது என்று விமானப்படை முதலில் திருப்பி அனுப்பியது. பிறகு 1923இல் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். 1930இல் ஜெட் இயந்திரத்துக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அரசாங்கம் அக்கறை காட்டவில்லை. 1935இல் காப்புரிமையைப் புதுப்பிக்க ஐந்து பவுண் கட்ட வேண்டியிருந்தது. அவரிடம் வசதி இல்லை, விமான அமைச்சும் கட்டவில்லை, காப்புரிமை காலாவதியானது. ஐந்து பவுண்!

1937 ஏப்ரல் 12இல் றக்பி நகரில் அவருடைய இயந்திரம் முதல்முறை ஓடியது. எரிபொருளை நிறுத்திய பிறகும் அது நிற்காமல் ஊளையிட்டு வேகம் ஏறியது. நின்றவர்கள் எல்லாம் ஓடினார்கள். விட்டில் மட்டும் கட்டுப்பாட்டுப் பலகையடியில் நின்றார். எரியறையின் அடியில் தேங்கியிருந்த எரிபொருள்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இன்றைக்குக் கராஜில் டர்போ வைத்து விளையாடுகிறவர்களும் முதலில் பயப்படுவது இதே தேங்கிய எரிபொருளுக்குத்தான்.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன்.

ஜேர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் வொன் ஓஹைன் என்ற இளம் பௌதிகவியலாளர் இருந்தார். அவருக்கும் தனியாக இதே யோசனை வந்தது. கணக்குத் தெரியும், ஆனால் இரும்பை வெட்டி ஒட்டத் தெரியாது. தன்னுடைய காரைத் திருத்தக் கொடுக்கிற கராஜில் மக்ஸ் ஹான் என்ற மெக்கானிக் வேலை செய்தார். ஓஹைன் தன் படத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஹான் அதைப் பார்த்து, இப்படிச் செய்தால் செய்ய ஏலாது, இப்படி மாற்றினால் செய்யலாம் என்று திருத்தினார். ஏறத்தாழ ஆயிரம் மார்க் செலவில், கார் திருத்துகிற இடத்தில், அந்த மாதிரி இயந்திரம் உருவானது.

அது ஒழுங்காக ஓடவில்லை. நெருப்பு உள்ளே எரியாமல் வெளியே வந்து எரிந்தது. தானாகச் சுழலவும் இல்லை. ஆனால் ஓஹைனின் பேராசிரியர் றொபேட் போல் யோசனை சரியென்று நம்பி, விமானம் கட்டுகிற எர்ன்ஸ்ட் ஹைன்கலுக்குக் கடிதம் கொடுத்தார். 1936இல் ஹைன்கல் ஓஹைனை வேலைக்கு எடுத்தபோது ஹானும் கூடப் போனார். அங்கே எரியறையை எங்கே வைப்பது என்ற சிக்கல் வந்தபோது, அமுக்கிச் சில்லுக்கு முன்னால் சும்மா கிடந்த இடத்தைப் பாவிக்கலாம் என்று வழி சொன்னவர் ஹான்தான். 1939 ஆகஸ்ட் 27இல் ஹைன்கல் 178 பறந்தது. உலகின் முதல் ஜெட் விமானம். விட்டிலின் இயந்திரம் பூட்டிய விமானம் பறந்தது 1941 மே 15இல்.

1991இல் அமெரிக்காவில் விட்டிலுக்கும் ஓஹைனுக்கும் சேர்த்து டிரேப்பர் பரிசு கொடுத்தார்கள். இருவரும் தகுதியானவர்கள். ஆனால் மக்ஸ் ஹான் என்ற பெயரை எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரிய தொழிற்சாலைகளுக்குப் போன இந்த இயந்திரத்தைத் திரும்ப வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரும் ஒரு ஜேர்மன்காரர்தான். கேர்ட் ஷ்ரெக்லிங் என்ற பொழுதுபோக்கு விமானக்காரர், 1980களின் கடைசியில், விளையாட்டு விமானத்துக்குப் பூட்டக்கூடிய சின்ன ஜெட் இயந்திரத்தைக் கட்டினார். காற்றை அமுக்கும் சில்லை எதில் செய்தார் தெரியுமா? ஒட்டுப்பலகையில்! மேலே காபன் நார் சுற்றி. எப்படிச் செய்வதென்று புத்தகமும் எழுதினார். அதைப் பார்த்துப் பல நாடுகளில் ஆட்கள் செய்யத் தொடங்கினார்கள். டர்போவை வெட்டி மோட்டார் சைக்கிளில் பூட்டுகிறவர்களும் இந்தக் கூட்டத்தின் உறவினர்தான்.

இந்த இயந்திரங்கள் குடிப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்றதும் யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு வேறொரு மணம் மூக்கில் அடித்திருக்கும். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது எங்கட கராஜ்காரர் செய்ததை மறக்க முடியுமா? பெற்றோல் இயந்திரம் மண்ணெண்ணெயில் தொடங்காது, குளிரில் அது ஆவியாகாது. ஆகவே சொட்டுப் பெற்றோல் விட்டுத் தொடக்கி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். ஹொண்டாவும் ஓடியது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் ஓடின. பின்னால் வெள்ளைப் புகை. நோயாளியை ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனது அந்தப் புகையோடுதான். கரண்ட் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டோம். இதற்கெல்லாம் பட்டம் பெற்றவர் யாரும் படம் கீறித் தரவில்லை. செய்தவர்கள் கை கறுத்த மனிதர்கள். அவர்களுடைய பெயரும் எங்கும் எழுதப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். டர்பைனை நாங்கள் முதலில் அறிந்தது காதால். 1996இல் கிபிர் வந்த பிறகு அந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடினது எங்கட சனம். ஹைன்கல் 178 பறந்து ஐந்தாம் நாள் ஜேர்மனி போலந்துக்குள் புகுந்தது. கராஜில் பிறந்த பிள்ளை யாருடைய கைக்குப் போய்ச் சேரும் என்று செய்தவனுக்குத் தெரியாது. அதற்காகக் கையைக் குறை சொல்லலாமா? சாமானை வாங்கி ஏவியவனைத்தான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன்? இங்கே எங்கட வீடுகளில் நடக்கிறதைப் பார்த்துத்தான். பிள்ளை கிம்னாசியும் போகாவிட்டால் செத்த வீடு மாதிரி இருக்கிறது. வாகன மெக்கட்ரோனிக்கர் படிக்கப் போகிறேன் என்று பெடியன் சொன்னால், 'ஒயிலுக்குள்ள நிக்கவே உன்னை வெளிநாட்டில வளர்த்தனாங்கள்' என்று கேட்கிற தாய் தகப்பனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூன்றரை வருட அவுஸ்பில்டுங், அதன் பிறகு மைஸ்டர். 2013இல் அறிமுகமான ஜேர்மன் தகைமைச் சட்டகத்தில் மைஸ்டரும் பச்சலர் பட்டமும் ஒரே ஆறாம் படியில்தான் இருக்கின்றன. எங்கட கலியாணச் சந்தையில் மட்டும் இல்லை.

டாக்குத்தரும் வேண்டும், எஞ்சினியரும் வேண்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் ஓஹைனின் படம் ஹானின் கைக்குப் போகாவிட்டால் வெறும் படமாகவே கிடந்திருக்கும். தடைக்காலத்தில் எங்களை நடமாட வைத்ததும் அதே மாதிரியான கைகள்தான். ஆகவே உங்கள் வீட்டு நிலவறையில் ஒரு பிள்ளை பழைய டர்போவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தால், முதலில் கண்ணுக்குக் கண்ணாடியும் தீயணைப்பானும் வாங்கிக் கொடுங்கள், நெருப்பு வைக்கிற வேலையைத் தெரிந்த ஒரு மைஸ்டருக்குப் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். ஏசுகிற வேலையைக் கொஞ்சம் பிந்திப் பார்க்கலாம்.