வசைச் சொற்களின் வரலாறு



ஆங்கிலம் பயிலுகின்ற நீங்கள், மனிதரின் குணங்களைக் குறிக்கும் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்திருப்பீர்கள். தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் நற்குணங்கள், மறுபக்கம் தீக்குணங்கள் என்று எழுதிக்கொள்வது பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். நானும் அவ்வாறே கற்றேன். ஆசிரியனான பின்னர் அவ்வாறே கற்பித்தேன். அந்தப் பட்டியலுக்குள் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவன் என் மாணவன் ஒருவன்.

ஒருநாள் வகுப்பில் உரத்த குரலில் பேசிய அம்மாணவனை நான் கடிந்துகொண்டேன். அவன் சிற்றூரிலிருந்து நாள்தோறும் நடந்து வருபவன். உழவர் வீட்டுப் பிள்ளை. அவனைப் 'பூர்' என்னும் ஆங்கிலச் சொல்லால் ஏசினேன். ஏழையைக் குறிக்கும் சொல்லன்று இது. 'பஸ்' என்பதன் முதலெழுத்தைப் போல ஒலித்துத் தொடங்கும் வேறொரு சொல். பண்பறியாத முரடன் என்பது அதன் பொருள். மறுநாள் அவன் பள்ளி நூலகத்து அகராதியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "ஐயா, இந்தச் சொல்லுக்கு உழவன் என்றும் பொருள் போட்டிருக்கிறது. உழவனாயிருப்பது குற்றமா, ஐயா?" என்று பணிவாகக் கேட்டான். அவன் குரலில் குறும்பில்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவனுக்கு அன்று சொல்ல இயலாத விடையையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

திரைப்படங்களின் வாயிலாக நம் நாட்டில் சிறுவரும் அறிந்த சொல் 'வில்லன்'. கொடுமையே உருவானவனை அச்சொல் குறிக்கிறது. இதன் பிறப்பு யாது? இலத்தீன் மொழியில் 'வில்லா' என்பது நாட்டுப்புறத்துப் பண்ணையைக் குறிக்கும். அப்பண்ணையில் பாடுபட்டவனே 'வில்லானுஸ்'. கிராமத்தைக் குறிக்கும் 'வில்லேஜ்' என்ற சொல்லும் அதே வேரினின்று கிளைத்தது. அதாவது, முதலில் வில்லன் என்பவன் பண்ணையாளேயன்றித் தீயவன் அல்லன். பண்ணையாள் எவ்வாறு தீயவனானான் என்பதை அறிய நாம் இங்கிலாந்தின் வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

1066ஆம் ஆண்டில் பிரான்சின் வடபகுதியாகிய நார்மண்டியின் கோமகன் வில்லியம் கடல் கடந்து வந்து, ஹேஸ்டிங்ஸ் என்னுமிடத்தில் ஆங்கில மன்னன் ஹரால்டைப் போரில் வென்று அரியணை ஏறினான். அவனைத் தொடர்ந்து வந்த நார்மானியத் தலைவர்கள் நிலங்களைப் பங்கிட்டுக்கொண்டனர். அரண்மனையிலும் பிரபுக்களின் இல்லங்களிலும் பிரெஞ்சு மொழி வழங்கிற்று. உழுதவரும் ஆடு மேய்த்தவரும் ஆங்கிலம் பேசினர். இந்நிலை சற்றேறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் நீடித்தது. வழக்குமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்காடலாம் என்று சட்டம் பிறந்ததே 1362ஆம் ஆண்டில்தான்.

வில்லியம் 1086இல் தன் நாட்டின் நிலங்களையும் குடிகளையும் கணக்கெடுக்கச் செய்தான். அக்கணக்கேடு 'டூம்ஸ்டே புத்தகம்' எனப்படும். அதில் கணக்கிடப்பட்ட குடியானவர்களுள் மிகப் பெரிய பிரிவினர் 'வில்லானி' என்று குறிக்கப்பட்டவர்களே. அடுத்துவந்த காலங்களில் இவர்கள் நிலத்தோடு பிணைக்கப்பட்டனர். பிரபுவின் இசைவின்றி ஊரைவிட்டுச் செல்ல இவர்களுக்கு உரிமையில்லை. வாரத்தில் குறித்த நாட்கள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைத்தாக வேண்டும். மகளுக்கு மணம் முடிப்பதானாலும் பிரபுவுக்குப் பணம் செலுத்த வேண்டும். இத்தகைய மக்களைக் குறித்த பெயர், அவர்களை ஆண்டவர்களின் வாயில் நாளடைவில் வசையாயிற்று. பண்ணையாள் என்றால் நயமற்றவன் என்றாகி, நயமற்றவன் என்றால் இழிந்தவன் என்றாகி, இழிந்தவன் என்றால் எத்தீங்கும் செய்யத் துணிந்தவன் என்றாகி, இறுதியில் வில்லன் நாடகமேடை ஏறினான்.

இம்மக்கள் வாளா இருந்தனர் என்று நினையாதீர்கள். 1348இல் இங்கிலாந்தை எட்டிய கொள்ளைநோய் பெருந்தொகையான மக்களை வாரிச் சென்றபோது, எஞ்சிய உழைப்பாளிகள் தம் உழைப்பின் மதிப்பை உணர்ந்தனர். அந்நிலையில், 15 வயது நிரம்பியோர்மீது தலைக்கு ஒரு ஷில்லிங் என்னும் கணக்கில் வரி விதிக்கப்பட்டது. 1381இல் கெண்ட், எசெக்ஸ் பகுதிகளின் குடியானவர்கள் திரண்டு இலண்டன் மாநகரினுள் புகுந்தனர். வாட் டைலர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஜான் பால் என்னும் பாதிரியார், மக்கள் அனைவரும் ஒரு குலமே என்று அவர்களுக்கு அறவுரை கூறினார். 14 வயதே நிரம்பிய மன்னன் இரண்டாம் ரிச்சர்டு ஜூன் 14ஆம் நாள் அவர்களைச் சந்தித்து, பண்ணையடிமை முறையை ஒழிப்பதாக எழுத்துமூலம் உறுதியளித்தான். மறுநாளே டைலர் கொல்லப்பட்டார். பின்னர் உறுதிமொழி திரும்பப் பெறப்பட்டது; ஜான் பாலும் தூக்கிலிடப்பட்டார். அடிமைமுறை காலப்போக்கில் இங்கிலாந்தில் மறைந்தது. ஆயினும் அடிமைப்பட்டோரின் பெயர் வசையாகவே நின்றுவிட்டது.

இன்னும் சில சொற்களைப் பாருங்கள். கடுகடுத்த இயல்புடையவனைச் 'சர்ல்' என்பர். நார்மானியர் வருமுன் இச்சொல் அடிமையல்லாத எளிய குடிமகனைக் குறித்தது. அவன் கொலையுண்டால் கொன்றவன் 200 ஷில்லிங் ஈடு செலுத்த வேண்டும் என்று பழஞ்சட்டம் அவனுக்கும் ஒரு விலை வைத்திருந்தது. உயர்குடியினன் கொலையுண்டாலோ 1,200 ஷில்லிங்! நார்மானியர் ஆட்சியில் எளிய குடிமகனின் நிலை தாழ்ந்தது. அவன் பெயரும் உடன் தாழ்ந்தது. ஒழுக்கக்கேட்டைச் சுட்டும் 'லூட்' என்ற சொல், தொடக்கத்தில் சமயகுருமார் அல்லாத பொதுமக்களைக் குறித்தது. குருமாரே கல்வியுடையோராய் இருந்த காலமாதலின், பொதுமக்கள் என்றால் கல்லாதவர் என்றும், கல்லாதவர் என்றால் ஒழுக்கமற்றவர் என்றும் பொருள் சரிந்தது. அற்பத்தனத்தைக் குறிக்கும் 'மீன்' என்ற சொல்லுக்குப் 'பொதுவானது' என்பதே பழம்பொருள். கீழ்த்தரமானதைக் குறிக்கும் 'வல்கர்' என்பதும் பொதுமக்களைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்ததே.

பட்டியலின் மறுபக்கத்தையும் நோக்குங்கள். மென்மையுடையவனைக் குறிக்கும் 'ஜென்டில்' என்ற சொல்லுக்கு நற்குடியில் பிறந்தவன் என்பதே பழம்பொருள். வள்ளன்மையைக் குறிக்கும் 'ஜெனரஸ்' என்பதும் அவ்வாறே உயர்குடிப் பிறப்பைக் குறித்தது. ஒளிவுமறைவின்றிப் பேசுபவனைப் 'பிராங்க்' என்கிறோம். அது பிரான்சை வென்று ஆண்ட பிராங்க் என்னும் இனத்தாரின் பெயர். பெருந்தகைமையைச் சுட்டும் 'நோபில்' என்பதைச் சொல்லவே வேண்டுவதில்லை. உயர்ந்தோரின் பெயர்கள் நற்குணங்களாயின. உழைத்தோரின் பெயர்கள் தீக்குணங்களாயின. கோட்டின் இருபுறமும் நாம் எழுதிவைத்தவை குணங்கள் மட்டுமல்ல. அவற்றோடு செல்வரும் வறியருங்கூட அவ்விரு பக்கங்களிலும் அமர்ந்திருக்கின்றனர்.

இதற்குத் தக்க சான்றாக இரண்டு சொற்களை ஒருங்கே வைத்துப் பார்க்கலாம். 'நைட்' என்றால் வீரப்பெருந்தகை; 'நேவ்' என்றால் வஞ்சகன். இரண்டுமே பழைய ஆங்கிலத்தில் சிறுவனையே குறித்தன. பின்னர் ஏவல் செய்யும் இளைஞனையும் குறித்தன. அரசனிடம் ஏவல்செய்து, குதிரையும் வாளும் பெற்றவன் 'நைட்' ஆனான். சமையலறையிலும் குதிரைக் கொட்டிலிலும் ஏவல் செய்தவன் 'நேவ்' ஆகிப் பின் வஞ்சகனும் ஆனான். இருவரும் ஒரே நிலையில் தொடங்கியவர்கள். அவர்கள் பெயர்களைப் பிரித்தது குணமன்று, வாய்ப்பே.

கற்றோரையும் இக்கதி விட்டுவைக்கவில்லை. மந்தபுத்தியுள்ள மாணவனை 'டன்ஸ்' என்று ஏசும் வழக்கம் ஆங்கிலப் பள்ளிகளில் இருந்தது. இச்சொல் ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ் என்னும் பேரறிஞரின் பெயரினின்று வந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்து, ஆக்ஸ்போர்டிலும் பாரிஸிலும் தத்துவம் கற்பித்து, 1308இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மறைந்தவர் அவர். நுண்ணறிவுப் பேராசான் என்று புகழப்பெற்றவர். 16ஆம் நூற்றாண்டில் புதிய கல்விமுறை தலையெடுத்தபோது, அவருடைய நூல்களை விடாது பற்றி நின்றவர்களைப் புதுமையாளர் எள்ளி நகையாடினர். அவ்வெள்ளலே நாளடைவில் முட்டாளைக் குறிக்கும் சொல்லாயிற்று. 1993இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவ்வறிஞரை அருளாளர் வரிசையில் சேர்த்தார். ஆயினும் அகராதியில் அவர் பெயர் மூடனைக் குறித்தே நிற்கிறது.

இவற்றைக் கேட்டு, ஆங்கிலேயர் பொல்லாதவர், நாம் தூயவர் என்று எண்ணிவிடலாகாது. ஆங்கிலத்தின் வசைச் சொற்களுள் ஒன்று நம் தமிழகத்திலிருந்தே சென்றது. சமுதாயத்தால் ஒதுக்கப்பட்டவனை ஆங்கிலத்தில் 'பரையா' என்பர். பிற நாடுகளால் விலக்கப்பட்ட நாட்டையும் இன்றைய செய்தித்தாள்கள் அவ்வாறு குறிக்கின்றன. பறை என்னும் இசைக்கருவியின் பெயரோடு தொடர்புடைய ஒரு குலத்தின் பெயரே அது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர் எழுத்தில் ஏறி, 19ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்டோர் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது.

பறை இழிந்த கருவியா? ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். பறைதல் என்றால் சொல்லுதல். நம் அண்டை மொழியாகிய மலையாளத்தில் இன்றும் பேசுவதைக் குறிக்க அச்சொல்லே வழங்குகிறது. அத்தகைய சொல்லை வசையாக்கியவர் ஆங்கிலேயர் அல்லர். நம் ஊரில் நாம் காட்டிய இழிவையே அவர்கள் சொல்லோடு சேர்த்து எடுத்துச் சென்றனர்.

இதனை எதிர்த்தவர்களும் நம்மிடையே தோன்றினர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தாம் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எப்பெயரைச் சொல்லி இழித்தார்களோ, அப்பெயரையே தலைநிமிர்ந்து தாங்கி உரிமை கேட்பதே அவர் வழி. எம். சி. ராஜா வேறொரு வழியை மேற்கொண்டார். அரசாங்க ஏடுகளில் அப்பெயருக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்று வழங்க வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். 1922இல் அரசாங்கம் அதனை ஏற்றது. வழிகள் வேறாயினும் இருவர் நோக்கமும் ஒன்றே. சொல்லால் நேர்ந்த சிறுமையைச் சொல்லிலேயே களைய அவர்கள் முயன்றனர்.

அப்படியாயின் தீக்குணங்களைக் குறிக்கும் சொற்களையே நாம் கற்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். கற்கத்தான் வேண்டும். தீமையைத் தீமை என்று சொல்லச் சொற்கள் இல்லாத மொழி ஊமைக்கு ஒப்பாகும். வேடதாரியைக் குறிக்கும் 'ஹிப்போக்ரிட்' என்ற சொல்லைப் பாருங்கள். பண்டைக் கிரேக்கத்தில் அது நாடக நடிகனைக் குறித்தது. மேடையில் வேடம் புனைவது கலை. வாழ்க்கையில் வேடம் புனைவது வஞ்சனை. அச்சொல் ஒருவனுடைய செயலை எடைபோடுகிறது, பிறப்பை எடைபோடவில்லை. ஆகவே ஒரு வசைச்சொல்லைக் கற்கும்போது, இது மனிதன் செய்த செயலைச் சுட்டுகிறதா, அவன் பிறந்த இடத்தைச் சுட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பொருளோடு பிறப்பையும் காட்டும் நல்ல அகராதி உங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கும். அதனை நாடுவதற்குச் சோம்பாதீர்கள்.

இனி, என் மாணவனின் கேள்விக்கு வருவோம். நான் அவனை ஏசிய சொல், உழவனைக் குறிக்கும் டச்சுச் சொல்லோடு உறவுடையது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு உழவர்கள் 'போயர்' எனப்பட்டதும் அதனாலேயே. 1899இல் மூண்ட போயர் போரில் காயமுற்றோரைச் சுமக்கக் காந்தியடிகள் தொண்டர்படை திரட்டியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அண்டை வீட்டானைக் குறிக்கும் 'நெய்பர்' என்ற ஆங்கிலச் சொல்லை நீங்கள் அறிவீர்கள். அருகில் குடியிருப்பவன் என்பது அதன் பொருள். அச்சொல்லின் பிற்பகுதியும் நான் ஏசிய அச்சொல்லும் ஒரே வேரினின்று பிறந்த உடன்பிறப்புகள்.

இதனை அறிந்துகொள்ள எனக்குச் சில திங்கள் ஆயின. அறிந்த அன்று அம்மாணவனை அழைத்து, வகுப்பு முழுவதும் கேட்க இவ்வரலாற்றைச் சொன்னேன். உழவனாயிருப்பது குற்றமன்று, அதனைக் குற்றமாக்கிய சொல்லை ஆராயாமல் வழங்கியதே என் குற்றம் என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் தன் இடத்தில் போய் அமர்ந்தான். மறுநாள் தன் குறிப்பேட்டில் நடுக்கோடு கிழித்த அந்தப் பழைய பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் எதிரேயும் அதன் பிறப்பை எழுதத் தொடங்கியிருந்தான். நீங்களும் அவ்வாறு ஒரு பட்டியல் எழுதிப் பார்க்க வேண்டும் என்று வேண்டி என் உரையை முடித்துக்கொள்கின்றேன்.