குருதியின் நினைவு

வட அத்திலாந்திக்குப் பெருங்கடலில், ஐசுலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடையே, பரோத் தீவுகள் என்னும் சிறு தீவுக்கூட்டம் உண்டு. 1846ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் கொப்பன்கேகன் நகரத்துத் தச்சர் ஒருவர் அங்கு வந்து இறங்கினார். புறப்படுமுன் சின்னமுத்து கண்டிருந்தோரைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். சில நாட்களில் அவருக்கும் முத்துக் கண்டது. சில மாதங்களுக்குள், ஏறக்குறைய 7,800 மக்களுள் 6,000 பேர் வரையில் அந்நோய்வாய்ப்பட்டனர்.

நோயை ஆராயுமாறு டென்மார்க்கு அரசு அனுப்பிய இரு மருத்துவருள் ஒருவர் பீற்றர் லுட்விக் பானும். அப்பொழுது அவருக்கு வயது 25. அவர் ஊர் ஊராகச் சென்று, யார் எந்நாளில் நோயாளியோடு பழகினார், எந்நாளில் முத்துத் தோன்றியது என்று வினவி எழுதினார். இரண்டுக்கும் இடையே 13 அல்லது 14 நாட்கள் கழிதலைக் கண்டார். ஆயினும் அவருடைய குறிப்புக்களுள் தலையாயது முதியோரைப் பற்றியதாகும். அத்தீவுகளில் அதற்குமுன் சின்னமுத்து வந்தது 1781ஆம் ஆண்டில். இளமையில் அந்நோயைக் கண்டு பிழைத்த முதியோர் 98 பேரைப் பானும் நேரிற் கண்டார். அவர்களுள் ஒருவரையேனும் நோய் மறுமுறை தீண்டவில்லை. 1781இல் நோய்க்குத் தப்பியிருந்த முதியோரோ இப்பொழுது நோயிற் கிடந்தனர். ஆதலின், காத்தது முதுமையன்று. 65 ஆண்டுகளுக்கு முன் குழந்தைப் பருவத்திற் பட்ட ஒரு நோயின் தடம் உடலுள் அழியாதிருந்தது. அத்தடம் யாது, எங்கே இருந்தது என்பதைச் சொல்லும் ஆற்றல் அக்கால மருத்துவத்துக்கு இல்லை.

விடையின் முதற்பகுதி 1890இல் வந்தது. ஜேர்மனியில் பேரிங்கும் யப்பானியரான கித்தசாத்தோவும், நோயை வென்ற விலங்கின் குருதித் தெளியத்தில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டென்று காட்டினர். அப்பொருளையே இன்று பிறபொருளெதிரி என்கிறோம். பின்னர்ப் போல் ஏர்லிக் என்னும் அறிஞர் தாயையும் பிள்ளையையும் பற்றிக் கேட்டார். சோதனைக்கு அவர் எடுத்த நஞ்சுகளுள் ஒன்று ஆமணக்கு வித்திலும் மற்றொன்று குன்றிமணியிலும் உள்ளவை. நம் வேலியோரத்துக் குன்றிமணி பெர்லின் ஆய்வுகூடத்திற்குப் போய்ச் சேர்ந்தமை வியப்பே. சிறுகச் சிறுக அந்நஞ்சை உட்கொண்டு பழகிய சுண்டெலிக்குப் பெருநஞ்சும் கேடு செய்வதில்லை. அத்தகைய தாயின் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. தந்தை மட்டும் பழகியிருந்தாற் குட்டிகள் மாண்டன. இதன்பின் ஏர்லிக் குட்டிகளை மாற்றி வைத்தார். பழகாத தாய் ஈன்ற குட்டிகள், பழகிய தாயிடம் பாலுண்டு காப்புப் பெற்றன. ஆனால், அக்காப்புச் சில வாரங்களில் நீங்கிவிட்டது. 1892இல் வெளிவந்த இவ்வாய்வு, தாய் தருவது இரவற் பொருளே என்பதை ஐயமற நிறுவியது.

மனிதர்க்கு வழி சிறிது வேறு. குழந்தையின் குருதியிற் சேரும் பிறபொருளெதிரிகள் பிறக்குமுன்னரே நஞ்சுக்கொடி வழியாக, அதிலும் பெரும்பான்மை கருப்பத்தின் கடைசி மாதங்களில், வந்து சேர்கின்றன. தாய்ப்பாலில் உள்ளவை பெரும்பாலும் குடலிலேயே நின்று காவல் புரிவன. குருதிக்கு வந்த இரவற் செல்வம் ஏறத்தாழ மாதத்திற்கொருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். பரோத் தீவுகளில் 1781க்குப் பின் பிறந்த தாய்மாரிடம் சின்னமுத்துக்கு எதிராக இரவல் கொடுக்கவும் ஒன்றும் இருந்ததில்லை.

இது ஏட்டுக் கல்வியோடு நிற்கும் செய்தியன்று. 1963இல் அமெரிக்காவிற் சின்னமுத்துத் தடுப்பு மருந்துக்கு உரிமம் கிடைத்தபொழுது, அதனை 9ஆம் மாதத்திற் கொடுக்கலாம் என்றனர். ஆனால், தாய் தந்த பிறபொருளெதிரி எஞ்சியிருந்த குழந்தைகளில், மருந்திலிருந்த வலுக்குன்றிய வைரசை அதுவே அழித்துவிட்டது. குழந்தையின் உடல் கற்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே அவ்வயது 1965இல் 12 மாதமாகவும், 1976இல் 15 மாதமாகவும் உயர்த்தப்பட்டது. நோய் மலிந்த வறிய நாடுகளில் இவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. காத்திருக்கும் மாதங்களிலேயே குழந்தைகள் இறந்துபோவர். ஒரு மாதம் முந்தினால் மருந்து வீண், ஒரு மாதம் பிந்தினாற் பிள்ளைக்கே ஆபத்து என்னும் இந்த இக்கட்டு, மருத்துவர் பலரை நெடுங்காலம் வருத்தியது. பின்னர் நிலைமை மறுபடியும் மாறிற்று. தடுப்பு மருந்தினாற் காப்புப் பெற்ற பெண்கள் தாய்மாரானபொழுது, நோய்கண்டு தேறிய பழைய தாய்மாரைவிடக் குறைவாகவே தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர்.

இரவல் தீர்ந்தபின் குழந்தை தானே ஈட்டவேண்டும். தொடக்கத்தில் அது ஆக்கும் பிறபொருளெதிரிகள் அளவிற் குறைந்தவை. பற்றும் வலுவும் குறைந்தவை. 1964இல் ஐசனும் சிசுக்கிந்தும் முயல்களிற் செய்த ஆய்வு, நாட் செல்லச் செல்லப் பிறபொருளெதிரிகள் பகைப்பொருளை மேலும் இறுகப் பற்றுமென்று காட்டிற்று. கலங்கள் பெருகும்பொழுது சிறு சிறு மாற்றங்கள் நேர, நன்றாகப் பற்றுவன பிழைத்துத் தழைக்கின்றன. ஒவ்வொரு தொற்றும் குழந்தைக்கு ஒரு பாடமாகிறது.

முதற் பாடத்துக்குத் தனிச் சிறப்புண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்துத் தோமஸ் பிரான்சிசும் அவருடன் பணியாற்றியோரும் பல வயதினரின் குருதியை இன்புளுவென்சா வைரசின் பழைய, புதிய இனங்களோடு சேர்த்துச் சோதித்தனர். குழந்தைகளின் குருதி அண்மைக் கால இனங்களை மட்டுமே அறிந்திருந்தது. வளர்ந்தோரின் குருதி பலவற்றை அறிந்திருந்தது. எனினும் அவரவர் குழந்தைப் பருவத்தில் உலவிய இனத்தையே எல்லாவற்றினும் மிகுதியாக எதிர்த்தது. புதிய இனம் தாக்கினாலும் பழைய பிறபொருளெதிரியே முந்தி எழுந்தது. 1960இல் பிரான்சிசு இதற்குக் கிறித்தவ சமயத்தின் சென்மபாவக் கோட்பாட்டை ஒட்டிப் பெயரிட்டார். பெயர் நயமானது, பொருத்தம் பாதிதான். புதிய பகைவனைப் பழையவனாக எண்ணி மயங்குவது குறையே. அதே நினைவு உயிர் காத்ததும் உண்டு: 2009இற் பரவிய புதிய இன்புளுவென்சா இளையோரை வருத்தியபொழுது, 1918ஆம் ஆண்டு வைரசின் வழிவந்த இனங்களைக் குழந்தைப் பருவத்திற் கண்டிருந்த முதியோர் பலர் அதற்குத் தப்பினர்.

அதற்கு ஓராண்டு முன்னர், 2008இல், 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்திற் சிறுவராயிருந்த 32 பேரின் குருதி அமெரிக்காவிற் சோதிக்கப்பட்டது. அவர்கள் வயது 91 முதல் 101 வரை. அனைவர் குருதியிலும் அப்பழைய வைரசை இனங்காணும் பிறபொருளெதிரிகள் இருந்தன. அவர்களுட் சிலரின் கலங்களைக் கொண்டு ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட பிறபொருளெதிரிகளைச் சுண்டெலிகளுக்கு ஏற்றினர். மீள ஆக்கப்பெற்ற 1918ஆம் ஆண்டு வைரசு தொற்றியிருந்தும் அவை பிழைத்தன.