'தட்' படுத்திய பாடு

ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னால் நம்மில் பலருக்கும் வியர்த்துவிடும். அதற்காக யாராவது ஜெயிலுக்குப் போவார்களா? 1777-ல் லண்டனில் ஒருவர் போனார். இரண்டு முன்னிடைச்சொற்களும் ஓர் இணைப்புச்சொல்லும் தன்னைப் பலி வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார்!

அவர் பெயர் ஜான் ஹார்ன். பின்னாளில் ஹார்ன் டூக். 1775 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவில் லெக்சிங்டன், கான்கார்ட் ஊர்களில் பிரிட்டிஷ் படையோடு மோதி இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 100 பவுண்டு நிதி பற்றிப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தார். அதில், மன்னரின் படை செய்தது கொலை என்று எழுதிவிட்டார். விடுவார்களா? அவதூறு வழக்கு, 12 மாதச் சிறை, 200 பவுண்டு அபராதம்.

குற்றப்பத்திரிகையில் சொல்ல வேண்டியதை நேரடியாகச் சொல்லவில்லை என்பது ஹார்னின் வாதம். அப்படிச் சொல்லத் தேவையில்லை என்பதற்கு ஒரு பழைய வழக்கைக் காட்டினார்கள். அதில் இருந்த வாக்கியம் ஏறக்குறைய இதுதான்: "குரூக் மீது வழக்கு இருக்கிறது என்று தெரிந்தே அவள் இதைச் செய்தாள்." ஹார்ன் இதைப் பிரித்துப் போட்டார். "குரூக் மீது வழக்கு இருக்கிறது. அது தெரிந்தே அவள் இதைச் செய்தாள்." ஆங்கிலத்தில் 'தட்' என்பது 'அது' தானே? அப்படியானால் அந்த வழக்கில் நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள், அது தனக்கு எதிரான முன்னுதாரணமே இல்லை என்றார். அழகான வாதம். ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை.

மனிதர் சும்மா இருக்கவில்லை. 1778-ல் இதை வழக்கறிஞர் டன்னிங்குக்கு ஒரு கடிதமாக அச்சிட்டார். 1786-ல் 'டைவர்ஷன்ஸ் ஆஃப் பர்லி' என்ற புத்தகமாகவே விரித்தார். இணைப்புச்சொற்கள் எல்லாம் தேய்ந்துபோன பெயர்ச்சொற்களும் வினைச்சொற்களும்தான் என்பது அவர் கட்சி. தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் குறைவு. நம் 'என்று', 'ஆனால்' இரண்டுமே வினையிலிருந்து வந்தவைதானே!

ஆனால் கொஞ்சம் ஓவராகவும் போனார். 'இஃப்' என்பது 'கிவ்' என்பதிலிருந்து வந்தது என்றார், தவறு. 'அன்லெஸ்' விஷயத்திலும் கோட்டை விட்டார். அது 'ஆன்', 'லெஸ்' சேர்ந்த சொல். 'பிகாஸ்' மட்டும் உண்மையிலேயே 'பை', 'காஸ்' சேர்ந்ததுதான். 'வைல்' ஒரு காலத்தில் 'நேரம்' என்ற பெயர்ச்சொல்லாகவே இருந்தது. ஆக, விவரங்களில் பாதி தப்பு, அடிப்படை யோசனை பெரும்பாலும் சரி.

இரண்டாம் பாகம் 1805-ல் வந்தது. வினைச்சொல்லைப் பற்றித் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அது வரவே இல்லை; 1812-ல் இறந்துபோனார்.