மயக்கமும் விழிப்பும்

மனிதன் ஏன் மயக்கத்தைத் தேடுகிறான்? இப்படிக் கேட்டால், "புத்தி கெட்டவன் தேடுகிறான்" என்று நம்மில் பலர் உடனே பதில் சொல்லிவிடுவோம். மேடைகளிலும் அப்படித்தான் நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் வரலாற்றைப் படிக்கிறவர் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். மயக்கத்தை விற்றவர் யார்? அதனால் பயன் அடைந்தவர் யார்? எந்த வலியை மறக்க அந்த மயக்கம் வேண்டியிருந்தது? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் கதையைப் பார்ப்போம்.

கோலாலம்பூர் ஈயத்தால் எழுந்த பட்டணம். ஈயம் தோண்ட வந்த சீனத் தொழிலாளர்கள் இடுப்பளவு நீரில் நின்று வேலை செய்தார்கள். காய்ச்சலில் மடிந்தார்கள். உடல் வலியையும் ஊர் நினைப்பையும் மறக்க அபின் புகைத்தார்கள். அந்த அபினைக் கடனுக்குக் கொடுத்தவர் பெரும்பாலும் சுரங்க முதலாளியே. கணக்கு முடிக்கும் நாளில் கூலியில் பெரும் பகுதி அபின் கடனுக்குக் கழிந்துவிடும். பட்டணத்தை வளர்த்தவர் என்று நாம் படிக்கும் காப்பித்தான் யாப் ஆ லோய்க்குச் சுரங்கங்களோடு அபின், சூதாட்டக் குத்தகை வருமானமும் இருந்தது. பின்னர் 1910ஐ ஒட்டி ஆங்கில அரசாங்கமே அபின் விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அந்த விற்பனை ஒழிந்தது.

ஈயத்துக்குப் பிறகு பால் மரம் வந்தது. கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரங்களில் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் முன்னோரை அழைத்து வந்தார்கள். கள் அவர்களுக்குப் புதியது அன்று. ஆனால் ஊரில் கள்ளுக்கு ஓர் எல்லை இருந்தது. அறுப்புக் காலம், திருவிழா, முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் படையல் என்று அதற்கு நாளும் நேரமும் இருந்தன. குடித்துவிட்டுத் தடுமாறினால் தட்டிக் கேட்கப் பெரியவர்களும் உறவினரும் இருந்தனர்.

தோட்டத்தில் அந்த எல்லை மறைந்தது. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை பிடித்து மரம் வெட்டு, பால் சுமந்து ஸ்டோரில் நிறுத்தல். பகல் பொழுது சாயும்போது கை ஓய்ந்துவிடும். லயத்துக்குத் திரும்பினால் படிக்கப் புத்தகம் இல்லை, பேசக் கூட்டம் இல்லை. வெளியாரைத் தோட்டத்துக்குள் வரவேற்கவும் உரிமை இல்லை. கள்ளுக்கடை மட்டும் திறந்திருக்கும். தோட்ட நிர்வாகம் உரிமம் பெற்று அந்தக் கடையை நடத்தியது. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் குடியிருந்த இரயில்வே தொழிலாளருக்கும், பட்டணத்தின் மற்றத் தொழிலாளருக்கும் அரசாங்கக் கள்ளுக்கடைகள் இருந்தன.

கள்ளுக்கடையை மூடினால் தொழிலாளி சம்சு குடித்துக் கெட்டுப்போவான் என்று துரைமார் வாதிட்டனர். கடையின் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் ஏற்பாடும் இருந்தது. இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கூலியாக வலக்கையில் கொடுத்ததில் ஒரு பங்கை இடக்கை கள்ளுக்கடையில் திரும்பப் பெற்றது. அதில் சிறு பகுதியை "நலன்" என்று பெயரிட்டு மறுபடியும் கொடுத்தது. தகப்பன் குடித்தால்தான் பிள்ளைக்கு நன்மை என்றால், அந்த நன்மைக்கு என்ன பெயர் சொல்வது?

இதைக் கேட்கத் துணிந்தவர்கள் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களே. 1941ஆம் ஆண்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன், ஒய். கே. மேனோன் முதலியோர் முன்னின்றனர். அன்று ஆணின் நாள் கூலி ஏறத்தாழ 50 காசு. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கை. அதனோடு அவர்கள் வேறு எவற்றைக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். பெண்களிடம் அதிகாரிகள் தகாத முறையில் நடப்பது ஒழிய வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும். சங்கம் அமைக்க உரிமை வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.

ஒரே பட்டியலில் சைக்கிளும் கள்ளுக்கடையும் இடம்பெற்றன. அது தற்செயலாக அமைந்தது என்று நாம் நினைக்கவில்லை. சைக்கிளைவிட்டு இறங்கித் தலைகுனிந்து நிற்கும் மனிதனுக்குத்தான் மாலையில் அந்தத் தலைகுனிவை மறக்கக் கள் தேவைப்படுகிறது. கள்ளை மறந்து மறுநாள் விழித்தால் அதே தலைகுனிவு காத்திருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

மே மாதம் 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போருக்குப் பின், 1946-47இல், கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்தபோதும் காவல் துறையோடு மோதல் ஏற்பட்டது. கள் வெறும் கள்ளாக இருந்திருந்தால், அதை மூடச் சொன்னவர்கள்மீது ஆட்சிக்கு இவ்வளவு அச்சம் வந்திருக்குமா?

கிள்ளானில் இவை நடந்த அதே ஆண்டுகளில், உலகின் மறுகோடியில் இரு அறிஞர்கள் இதே செய்தியை வேறு வழியில் ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலிருந்து இட்லர் ஆட்சியால் விரட்டப்பட்டு அமெரிக்காவில் வாழ்ந்த ஹார்க்ஹைமர், அடோர்னோ என்போர் அவர்கள். சமூகம் எப்படி இருக்கிறது என்று விளக்குவதோடு நில்லாமல், யாருக்காக அப்படி இருக்கிறது என்றும் கேட்பது அவர்களுடைய முறை. 1944இல் முடித்த தங்கள் நூலில் ஒரு பழைய கிரேக்கக் கதையை எடுத்துக்கொண்டார்கள்.

ஒடிசியஸ் என்ற தலைவன் கப்பலில் வருகிறான். வழியில் ஒரு தீவில் அவனுடைய ஆட்கள் ஒருவகை இனிய தாவரத்தைத் தின்கிறார்கள். தின்றவர்களுக்கு வீட்டு நினைப்பே அற்றுப்போகிறது. அங்கேயே கிடக்க விரும்புகிறார்கள். தலைவன் அழுகிறவர்களை இழுத்துவந்து துடுப்புப் போட வைக்கிறான். அந்த மயக்கம் உண்மையான இன்பம் அன்று என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் தலைவன் அவர்களை மீட்டது எதற்காக? மறுபடியும் துடுப்புக்காக. தோட்டத்துத் துரையின் நிலையும் இதுதான். மாலையில் மயங்கலாம், விடியற்காலைப் பெரட்டுக்கு மட்டும் ஆள் வந்து நிற்க வேண்டும்.

மயக்கத்தின் கதை அதோடு முடியவில்லை. 1943இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், ஆல்பர்ட் ஹாப்மன் என்ற வேதியியலார், தாம் முன்பே உருவாக்கிய எல்.எஸ்.டி. என்ற மருந்து காணாத காட்சிகளைக் காட்டுவதைக் கண்டார். 1960களில் அமெரிக்க இளைஞர் பலர் அதை விடுதலைக்கு வழி என்று கொண்டாடினர். வியட்நாம் போரை வெறுத்தவர்கள், பணமே வாழ்வு என்று இருந்த பெற்றோரை வெறுத்தவர்கள் அவர்கள். நெளியும் வண்ணங்கள், நீண்ட முடி, புதிய இசை என்று ஒரு வாழ்க்கைமுறையே எழுந்தது. அதைச் சைக்கடெலிக் பண்பாடு என்றார்கள். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆயிரக்கணக்கானோர் கூடினர்.

பிராங்க்பர்ட் அறிஞர்களுள் ஒருவரான ஹெர்பர்ட் மார்க்கூசே, கலிபோர்னியாவில் ஆசிரியராக இருந்துகொண்டு இந்த இளைஞர்களை அருகிலிருந்து பார்த்தார். அவர்களை அவர் இகழவில்லை. இன்றைய சமூகம் நமக்குள் புகுத்திய பார்வை மாற வேண்டும் என்று அவர்கள் உணர்ந்தது சரியே என்றார். ஆனால் மருந்து தரும் விடுதலை செயற்கையானது, தனித்தனி ஆளோடு நிற்பது, சில மணி நேரத்தில் தீர்ந்துபோவது என்று 1969இல் எழுதினார். ஒருவன் மனத்துக்குள் சுவர் இடிகிறது. வெளியே உண்மையான சுவர் அப்படியே நிற்கிறது.

நடந்தவையும் அப்படித்தான் இருந்தன. அந்த வண்ணங்களைத் துணி வியாபாரிகளும் விளம்பரக்காரர்களும் எடுத்துக்கொண்டனர். 1950களிலேயே அமெரிக்க உளவுத் துறை, மனத்தை ஆட்டிப்படைக்க உதவுமா என்று பார்க்க, அறியாத மனிதர்களுக்கும் எல்.எஸ்.டி. கொடுத்துச் சோதித்தது 1975இல் வெளிப்பட்டது. மெக்சிகோ மலைக் கிராமம் ஒன்றில் நோயாளிக்காக இரவில் வேண்டுதலோடு உண்ணப்பட்ட காளானைப் பற்றி 1957இல் ஓர் அமெரிக்க இதழ் எழுதியது. பிறகு வேடிக்கை தேடி வெளிநாட்டார் குவிந்தனர். முனியாண்டிப் படையலிலிருந்து கள்ளுக்கடைக்குக் கள் வந்த பாதையும் இந்தப் பாதையும் ஒன்றுபோல் இல்லையா?

நம் நாட்டிலும் 1970களில் ஹெராயின் பெரும் கேடாகப் பரவியது. 1975இல் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கலாம் என்றும், 1983இல் விதித்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் வந்தது. 2023இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இதற்கிடையே தோட்டங்களே மறைந்தன. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாயிற்று. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல, புறம்போக்குக் குடிசைகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் ஒதுங்கின. கள்ளுக்கடை இருந்த இடத்தை மலிவான சம்சுப் புட்டி பிடித்தது.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நஞ்சு கலந்த போலி மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். குடும்பத்தைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தவர்கள். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். "குடிகாரர்கள், தங்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஒரு காலத்தில் நம்மைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள்.

நேயர்களே, குடியால் சிதைந்த வீட்டின் துயரம் நமக்குத் தெரியும். சம்பள நாளில் கள்ளுக்கடைப் பக்கம் பார்த்தபடி பிள்ளைகளோடு காத்து நின்ற தாய்மார் நம் குடும்பங்களில் இருந்தார்கள். குடிக்கிறவனுக்குப் பொறுப்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அவனை மட்டும் திட்டினால் விற்றவன் தப்பித்துவிடுகிறான். அவன் மனம் மட்டும் மாறினால் போதும் என்றால் வலி தந்த வாழ்க்கை தப்பித்துவிடுகிறது.

கிள்ளான் தொழிலாளர்கள் பேராசிரியர்கள் அல்லர். எழுதப் படிக்க அறியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். எனினும், கூலி, பள்ளிக்கூடம், மருத்துவம், மானம், கள் என்ற எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிவைத்தார்கள். பிராங்க்பர்ட் அறிஞர்கள் நூலாக எழுதியதை, அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அவர்கள் கோரிக்கையாக எழுதினார்கள். அந்த ஐந்து உயிர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அந்தத் தாளில் இருக்கிறது. இன்று இரவு, பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், அந்தக் காலத்துக் கள்ளுக்கடையைப் பற்றிக் கேளுங்கள். யார் விற்றார், யார் பயன் அடைந்தார், எந்த வலிக்காகக் குடித்தார்கள் என்று பிள்ளைகளும் கேட்கும்படி கேளுங்கள்.